எதிர் நாற்காலி

சொல்லிவிடலாம், டோல்கேட் வந்ததும் சொல்லிவிடலாம் என்று ஷெர்லின் நினைத்திருந்தாள்; டோல்கேட் வந்தது, ஏறுகிறவர்கள் ஏறினார்கள், இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் கிளம்பிவிட்டது, சொல்ல வேண்டியது மட்டும் தொண்டைக்குள்ளேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவளும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். ஜன்னலோர சீட்டில் அம்மா. அம்மாவின் மடியில் ஷெர்லினின் ஸ்கூல் பை, அதற்கு மேல் ஒரு ஜவுளிக்கடைப் பை, அதற்குள் இரண்டு வெள்ளைக் கோட்டு. ரத்தப் பரிசோதனை லேபில் அம்மாவுக்குக் கொடுத்த கோட்டு, ஒன்று போட்டுக்கொள்ள, ஒன்று மாற்றுக்கு. எப்போதும் ஒன்றுதான் பஸ் ஏறும். இன்றைக்கு இரண்டும் ஏறியிருக்கின்றன, காலை ஐந்து மணிக்கே இஸ்திரி போட்டு, மடிப்பு கலையாமல் இருக்க நடுவில் செய்தித்தாள் வைத்து, சம்பந்தி வீட்டுக்குச் சீர்வரிசை கொண்டுபோகிற மாதிரி. எதுக்கும்மா ரெண்டும் என்று கேட்டதற்கு, "அவங்க சாமான் அவங்க கிட்டதானே இருக்கணும்" என்றாள் அம்மா. இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்றது. அந்த உஸ்ஸில்தான் ஷெர்லினுக்கு உறைக்க ஆரம்பித்தது. அடிப்பாவி, அம்மா வேலையை விட்டு வரப்போகிறாள், இல்லை, வேலை அம்மாவை விட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு வருகிறாள், இரண்டுக்கும் காரணம் இதோ கம்பியில் தொங்குகிற இந்த வாய். இந்த வாய்க்கு ஒரு பூட்டு போட்டிருக்கலாம். பூட்டுக் கடைக்காரர் குரலும் வரும் அவளுக்கு, சாவி தொலைஞ்சா நான் பொறுப்பில்ல பாப்பா.

யார் குரலும் வரும். அதுதானே வினை. ஸ்கூலில் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் குரலில் வராந்தாவிலிருந்து ஒரே ஒரு "கேர்ள்ஸ்!" விட்டால் பதினொன்றாம் வகுப்பே எழுந்து நிற்கும். மீன்காரம்மா குரலில் வாசலில் "வஞ்சிரோம்" என்றால் எதிர்வீட்டுப் பூனை படியிறங்கி வரும், பூனையையே ஏமாற்றினவள். நீங்கள் தொடர்பு கொண்ட வாடிக்கையாளர் தற்சமயம் வேறொரு அழைப்பில் உள்ளார் என்று சொல்லி சித்தியை மூன்று நாள் சுற்றவிட்டாள். நாக்பூர் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிற அப்பாவிடம் செக்போஸ்ட் ஆள் மாதிரி இந்தியில் அதட்டி, அவர் பயந்து, வண்டியை ஓரங்கட்டி, பிறகு தெரிந்து, அங்கிருந்தே திட்டி, திட்டி முடித்து, அங்கிருந்தே சிரித்தார். எல்லாரும் கடைசியில் சிரிப்பார்கள். அதுதான் கணக்கு. ஏமாறுகிற ஒரு நிமிஷம், சிரிக்கிற பத்து நிமிஷம், அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் எல்லாமே. லேப் முதலாளியான மேடம் குரல் மட்டும் இத்தனை நாள் அவள் எடுக்காமல் வைத்திருந்தாள், தீபாவளி வெடியில் பெரிசைக் கடைசிக்கு வைப்பது மாதிரி. கற்றுக்கொள்ளக் கஷ்டமே இல்லை. அம்மாவின் பட்டன் போனில் திரை செத்து ஆறு மாதம், காதில் வைத்தாலும் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும், அதனால் தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு மேடம் இவர்கள் சமையலறைக்குள் வந்து நின்று கத்திவிட்டுப் போவாள். ம்க்கும் என்று ஒரு கனைப்பு. அமலா. அமலோற்பவம் என்கிற பெயரை முழுசாகச் சொல்ல மேடத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக நேரம் கிடைக்கவில்லை. அமலா, அந்த கவுண்ட்டர்ல யார் பையை வச்சது? அமலா, நாளைக்கு ஞாயித்துக்கிழமைன்னா ரத்தம் ஓடாதா? நான் சொல்றது புரியுதா, இல்ல படம் வரைஞ்சு காட்டணுமா? அம்மா அடுப்பை அணைப்பாள். இடுப்பில் செருகியிருக்கிற கொசுவத்தை இறக்கி விடுவாள். கையைத் துடைப்பாள். நேராக நின்றுகொள்வாள். அதற்கப்புறம்தான் "சொல்லுங்க மேடம்." யார் கூப்பிடுகிறார்கள் என்று திரையில் தெரியாதாகையால் எந்த போன் வந்தாலும் இதே பூசைதான், அடுப்பு, கொசுவம், கை, சொல்லுங்க மேடம். ஒருநாள் கிரெடிட் கார்டு விற்கிற பையன் திணறிப்போய், "மேடம், நான் மேடம் இல்ல மேடம், நீங்கதான் மேடம்" என்றான். அண்ணன் ரெக்ஸ் தரையில் உருண்டு சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை, கொசுவத்தைத் திரும்பச் செருகினாள்.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் ஆமாம் போட்டன. ஆமாம், நீதான், நீதான். நேற்று ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரெக்ஸின் பழைய போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். நாலாவது படியிலிருந்து பார்த்தால் சமையலறை ஜன்னல், ஜன்னலுக்குள் அம்மாவின் பாதி முகம், ஒரு தோள், குக்கர். எண்ணிப் பார்த்தால் நல்ல எண்ணம்தான், சத்தியமாக நல்ல எண்ணம்தான். மேடத்துக்கு இரண்டு குரல். ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு ஒன்று, தேங்காய் எண்ணெய் தடவின மாதிரி, வாங்க சார், உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா. வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளாவது அந்த முதல் குரல் அம்மாவுக்குக் கிடைக்கட்டுமே என்று நினைத்தாள். ஒரு நிமிஷம் அம்மா முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பது, அப்புறம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு "யாரு மேடம்? நாந்தான் மேடம்!" என்று கத்துவது, அம்மா கரண்டியால் ஒன்று வைப்பாள், சிரிப்பாள். போன் போட்டாள். அடுப்பு அணைந்தது. கொசுவம் இறங்கியது. கை துடைபட்டது. சொல்லுங்க மேடம். ம்க்கும், அமலா, நாளைக்கு வந்ததும் நேரா என் ரூமுக்கு வா. நின்னுக்கிட்டே எத்தனை நாள்தான் பேசுறது. எனக்கு எதிர்ல சேர் இருக்குல்ல, அதுல உக்காரு. காபி சொல்றேன். நிதானமா பேசலாம். தேங்காய் எண்ணெயே எண்ணெய். அவளுக்கே புல்லரித்தது, இதைவிட அச்சாக மேடத்தாலேயே பேச முடியாது. ஜன்னலுக்குள் அந்தப் பாதி முகத்தைப் பார்த்தாள். அது மலரவில்லை. அது ஒரு வீட்டில் கரண்ட் போகிற மாதிரி போனது, முதலில் வாய், அப்புறம் கண். அம்மா ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், திங்கக்கிழமை விஷயமா மேடம்?" என்று கேட்டாள். ஷெர்லினுக்கு என்ன திங்கட்கிழமை என்று தெரியாது. மேடமாக இருக்கிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் ம் என்றாள். அந்த ஒரு ம். அதை மட்டும் விழுங்கியிருந்தால். "கேமராவுல பாத்திருப்பீங்க. பேஷண்ட் சேர்லதான் உக்காந்தேன், தப்புதான் மேடம். கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. கையில ஊசி இருந்துச்சு, ஊசியோட யார் மேலயாவது விழுந்துடக் கூடாதேன்னு உக்காந்துட்டேன். ரெண்டே நிமிஷம் மேடம். இப்ப ஒரு மாசமா அப்பப்ப இப்படித்தான் வருது. புள்ளைங்ககிட்டகூடச் சொல்லல." ஷெர்லின் கட் பண்ணிவிட்டாள். விரல் தானாகப் பண்ணியது. நாலாவது படியில் உட்கார்ந்தபடி, மேடத்தின் தொண்டை இன்னும் தன் தொண்டைக்குள்ளேயே இருக்க, மூச்சு எந்தக் குரலில் விடுவது என்று தெரியாமல் கிடந்தாள்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அப்போதே. ஏன் சொல்லவில்லை? சொன்னால், "நாந்தாம்மா" என்று சொன்னால், புள்ளைங்ககிட்டகூடச் சொல்லல என்பதைக் கேட்டவளும் நான்தான் என்று ஆகிவிடும். அம்மா ஒளித்து வைத்ததை அம்மாவின் எஜமானி வேஷம் போட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள், அதைத் திருப்பிக் கொடுக்க வழி தெரியவில்லை. நேற்றென்று பார்த்து நிஜ மேடமும் கூப்பிடவில்லை. விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள், விடிந்ததும் இஸ்திரிப் பெட்டி. அப்போதும் அவளுக்கு அந்த நாற்காலி சமாச்சாரம் தெரியாது. ரெக்ஸுக்கு இட்லி வைத்துக்கொண்டே அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள், கடையில் வெங்காயம் இல்லை என்று சொல்கிற மாதிரி. லேபில் யாரும் உட்காருவதில்லை, சேர் எல்லாம் பேஷண்ட்டுக்கு. மேடம் ரூமிலும் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். மேடத்துக்கு எதிரில் ஒரு சேர் உண்டு, அதில் லேப் ஆட்கள் இதுவரை மூன்றே பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டெல்லா அக்கா. பிச்சைமுத்து சார். போன வருஷம் அந்தப் பரமக்குடிப் பெண். மூன்று பேரையும் மேடம் திட்டவே இல்லை, உட்காரச் சொன்னாள், வெளியே வந்து கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். "திட்டுற வரைக்கும் வேலை இருக்குன்னு அர்த்தம்டா. உக்காருன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. நேத்து எனக்குச் சொல்லிட்டாங்க." ரெக்ஸ் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுக் குதித்தான். "இருபத்திரண்டு வருஷம் நிக்க வச்சதே குத்தம்மா. கடையில வேலை செய்றவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு சட்டமே வந்திருச்சு, தெரியுமா?" "அந்தச் சட்டத்தை வேணா மேடம் ரூமுக்கு அனுப்பு, அதுவும் நின்னுக்கிட்டுத்தான் பேசும்" என்றாள் அம்மா. ஷெர்லினுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதி வழியில் இட்லியோடு சிக்கிக்கொண்டது, தண்ணீர் குடித்தாள்.

ரெக்ஸுக்கு என்ன, குதிப்பான். அவன் ஆபீஸ் அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேலே சட்டை, கீழே லுங்கி. மானேஜரை ஹாய் விவேக் என்கிறான். முதல் தடவை அதைக் கேட்ட அன்று அம்மா வெளியே வந்து, "டேய், மேலதிகாரியைப் போய் வாடா போடான்னு" என்று வாயைப் பொத்தினாள். வாடா போடா இல்லம்மா, பேரு, அவரே அப்படித்தான் கூப்பிடச் சொன்னாரு. ஆறு மணிக்கு மேல மெசேஜ் அனுப்பாதீங்க விவேக்னு சொல்லிட்டேன், சாரி ப்ரோன்னாரு. மேலதிகாரி சாரி கேட்டாரா? அம்மா அதை இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள், மழையில்லாத ஊரில் மழை பெய்ததைச் சொல்வது மாதிரி. அம்மாவின் அப்பா பீடிக் கம்பெனியில் இருந்தாராம், கணக்கப்பிள்ளை தெருவில் எதிரே வந்தாலே துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வாராம், அதை நினைத்தால் நான் எவ்வளவோ தேவலையே, எனக்குத் துண்டே கிடையாதே என்பாள் அம்மா. ஆனால் ஷெர்லின் பார்த்திருக்கிறாள். விவேக்கின் குரலும் அவளுக்கு அத்துப்படி, இளநீர் மாதிரி இருக்கும், ஹே டீம், நோ பிரஷர், சும்மா செக் பண்ணேன். அந்த சும்மா செக்குக்காக ரெக்ஸ் பாத்ரூம் போகும்போதுகூட மவுசை அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தின் மேல் வைத்துவிட்டுப் போவான், கீழே நொடிமுள் ஓட ஓட திரையில் அம்புக்குறி அசைந்துகொண்டே இருக்கும், பெயருக்குப் பக்கத்தில் ஆள் வேலையில் இருப்பதைக் காட்டுகிற பச்சைப் புள்ளி அணையாது. அணைந்தால் விவேக் திட்ட மாட்டான். ஆர் யூ ஓகே ப்ரோ என்று கேட்பான். அம்மாவுக்குக் கேமரா, அண்ணனுக்குப் பச்சைப் புள்ளி. கத்துகிறவளுக்கு நின்றுகொண்டு பயப்பட வேண்டும், கொஞ்சுகிறவனுக்கு உட்கார்ந்துகொண்டு பயப்படலாம், அவ்வளவுதான் வளர்ச்சியோ என்னவோ. எனக்கு எப்படி வாய்க்கும்? நான் எந்தக் குரலுக்கு எழுந்திருப்பேன்? சிஸ்டர் குரலுக்கு இப்போதே எழுந்திருக்கிறேனே, என் வாயிலிருந்தே வந்தாலும் கால் பாதி எழுந்துவிட்டுத்தானே உட்காருகிறது.

"ஹெட் போஸ்ட் ஆபீஸ், ஹெட் போஸ்ட் ஆபீஸ் எறங்கு! எம்மா ஸ்கூல் யூனிஃபார்ம், தினம் இங்க குதிப்பியே, இன்னிக்குத் தூங்கிட்டியா?" கண்டக்டர்தான். சாதாரண நாளாக இருந்தால் அதே குரலில் அவருக்கே திருப்பிக் கொடுத்திருப்பாள். அம்மா நிமிர்ந்தாள். "இறங்கலையா பாப்பா?" "இன்னைக்குப் பிராக்டிகல்மா. பத்து மணிக்குப் போனா போதும். உன்கூட வர்றேன்." பொய், சுத்தப் பொய், ஆனால் சொந்தக் குரலில் சொன்ன பொய், அதனால் மோசமாக வந்தது. அம்மா நம்பினாள். பையை மடியில் இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு அம்மா உட்காருவது போக முப்பத்தைந்து நிமிஷம், வர முப்பத்தைந்து நிமிஷம், இந்த பஸ்ஸில் மட்டும்தான். சீட் கிடைக்காத நாளில் அதுவும் இல்லை. கிடைத்தாலும் யாராவது ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் எழுந்துவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பக்கெட்டில் உப்புப் போட்டு வெந்நீர், கணுக்கால் இரண்டும் அதற்குள், வெளியே எடுத்தால் சாக்ஸ் இல்லாமலே சாக்ஸ் போட்ட தடம். அதைப் பார்த்துக்கொண்டே பத்து வருஷம் எத்தனை குரல் பேசியிருக்கிறாள் அவள், பக்கெட் பக்கத்தில் உட்கார்ந்து, பங்கு சாமியார் பிரசங்கம் பண்ணுகிற மாதிரி, அம்மா சிரித்துச் சிரித்துத் தண்ணீர் தளும்பும். காலைப் பார்க்கவில்லை. சிரிப்பைத்தான் பார்த்தாள். கண் இருட்டுகிறது ஒரு மாதமாக. ஒரு மாதத்தில் முப்பது சாயங்காலம். முப்பதிலும் சிரித்தாளா?

இப்போது யோசி, ஒழுங்காக யோசி. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? அம்மா உள்ளே போவாள். கோட்டுப் பையோடு நேராக மேடம் ரூமுக்கு. மேடம், சொன்னீங்களே, வந்துட்டேன். மேடம் என்ன சொன்னேன் என்பாள். அம்மா திங்கட்கிழமை என்பாள். என்ன திங்கட்கிழமை? அம்மாவே சொல்லுவாள், தன் வாயாலேயே, கண் இருட்டியது, உட்கார்ந்தேன், ஊசி கையில் இருந்தது. மேடம் அந்தக் கேமராவை அதுவரை பார்த்தே இருக்க மாட்டாள். அப்போதுதான் பார்ப்பாள். கண் இருட்டுகிற கையில் ஊசியா, எங்க லேபிலா? அப்புறம் நிஜமாகவே அந்தச் சேர். நிஜமாகவே தேங்காய் எண்ணெய்க் குரல். விளையாட்டுக்குச் சொன்னது அச்சு அசலாக நடக்கும், ஒரு சொல் பிசகாமல், காபி மட்டும் வராது. சொல்லிவிட்டால்? சொல்லிவிட்டால் அம்மா தப்பித்தாள், ஒன்றும் நடக்காத மாதிரி போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கலாம். நிற்கலாம். அதைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடு, அம்மா இன்னும் பத்து வருஷம் நிற்பதை. பாலக்கரை வந்தது, சகாயமாதா கோயில் கோபுரம் தெரிந்ததும் அம்மா சிலுவை போட்டாள், மூன்றாவது சீட்டில் இன்னொரு அம்மா போட்டாள், ஷெர்லின் கையும் தானாக நெற்றிக்குப் போனது. பாவசங்கீர்த்தனக் கூண்டு மாதிரி ஒன்று பஸ்ஸில் இருந்தால் சௌகரியம், நடுவில் ஒரு வலை, முகம் தெரியாது. சாமி, நான் பாவம் செய்தேன். என்ன பாவம் மகளே? போன்ல பேசினேன் சாமி. எத்தனை முறை மகளே? ஒரு முறை சாமி, ஆனா நல்லாப் பேசிட்டேன். இந்தக் குரலும் வருகிறதே, சனியன், பயத்தில்கூட வருகிறதே. அம்மா, என்று குனிந்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் முகத்தில் நேற்றுப் போன கரண்ட் இன்னும் வரவில்லை, ஆனால் அழுகிற முகமும் இல்லை, விருந்தாளி எல்லாம் போன பிறகு வீட்டைப் பார்க்கிற முகம். "என்னடி?" "ஒண்ணுமில்ல. பை கனமா இருக்கான்னு கேட்டேன்." "கோட்டு என்ன கனம்?" என்றாள் அம்மா, அதைக் கொஞ்சம் தூக்கிக்கூடப் பார்த்தாள்.

மெயின்கார்டு கேட்டில் இறங்கினார்கள். பூக்கடை, பழக்கடை, ஆட்டோ ஹாரன், ஒரு மைக்கில் பெட்ஷீட் ஏலம், இரண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ, எல்லாக் குரலும் காதுக்குள் வந்து என்னை எடு என்னை எடு என்றன, அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. லேபுக்குச் சந்துக்குள் இரண்டு நிமிஷ நடை. நூற்றிருபது நொடி. அந்தப் பாத்திரக்கடை வரை பார்ப்போம். பாத்திரக்கடை போனது. ஜெராக்ஸ் கடை. போனது. அம்மா வேகமாக நடந்தாள், வேலை போகப்போகிற இடத்துக்குக்கூடத் தாமதமாகப் போகக் கூடாது அவளுக்கு. வெள்ளைப் பலகை தெரிந்தது, சிவப்புச் சொட்டுப் படம் போட்டது. சொந்தக் குரலைக் கூப்பிட்டாள் ஷெர்லின். வரவில்லை. அம்மா என்கிற மூன்றெழுத்து, பிறந்த குழந்தைக்குக்கூட வருவது, அவளுக்கு வரவில்லை. வந்தது வேறொன்று. ம்க்கும். "அமலா."

அம்மா நின்றாள். நடுச்சந்தில், பைக்கில் வந்த ஒருவன் வளைந்து திட்டிக்கொண்டு போக, முதுகு நிமிர்ந்தது, கை இடுப்புக்குப் போய்ச் செருகாத கொசுவத்தைத் தேடியது. திரும்பினாள். மேடத்தைத் தேடினாள். மகளைப் பார்த்தாள். இன்னும் மேடத்தைத் தேடினாள்.

"எனக்கு எதிர்ல சேர் இருக்குல்ல, அதுல உக்காரு. காபி சொல்றேன்" என்றாள் ஷெர்லின் அந்தக் குரலிலேயே, பாதியில் அது உடைந்து, பதினேழு வயசுக் குரல் ஒன்று உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தது. "நாந்தாம்மா. நேத்து. ரெக்ஸோட போன்ல. மேடம் பேசவே இல்லம்மா. உனக்கு வேலை போகல. சேர் விஷயம் எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா. உன்னை யாராவது உக்காருன்னு சொல்லட்டுமேன்னுதான்."

அம்மா கை ஓங்கினாள், ஓங்கிய கையில் கோட்டுப் பை இருந்தது, இஸ்திரி கலைந்துவிடும் என்று இறக்கிக்கொண்டாள். மற்ற கையால் மகளின் தோளில் ஒன்று வைத்தாள், வலிக்கிற மாதிரிதான்.

"காபி சொல்றேன்னியேடி" என்றாள். "அதுலயாவது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அவளாவது காபியாவது."

மேடத்தை அவள் என்றாள். ஷெர்லின் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டாள்.

"கண்ணு இருட்டுறது..." என்று ஆரம்பித்தாள் ஷெர்லின்.

"அதை அப்புறம் பேசலாம்."

"டாக்டர்கிட்ட..."

"பேசலாம்னேன்ல?" அம்மா பலகையில் இருந்த சிவப்புச் சொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நேத்து சாயங்காலத்துல இருந்து இந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு வேலை இல்ல, தெரியுமா? அப்படித்தான் நினைச்சுக்கிட்டு மாவு கரைச்சேன். அப்படித்தான் இட்லி ஊத்தினேன்." பையை மற்ற கைக்கு மாற்றினாள். "இட்லி நல்லாத்தான் வெந்துச்சு."

ஸ்கூல் பையைக் கழற்றி மகளின் தோளில் மாட்டினாள். கோட்டுப் பையைத் தானே வைத்துக்கொண்டாள். "ஸ்கூலுக்குப் போ. சிஸ்டர்கிட்ட லேட்டுக்கு நீயே காரணம் சொல்லு, என் குரல்ல போன் கீன் பேசினே, தொலைச்சுடுவேன்." கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு கோட்டில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை.

ஷெர்லின் போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம், செருப்பு விடுகிற இடத்தில் நின்றாள். உள்ளே வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையாகச் சேர்களில், சுவரில் கேமரா, அதன் கீழே நின்றுகொண்டிருக்கிற இரண்டு பெண்கள். அம்மா அவர்களைத் தாண்டினாள். மூலையில் மேடம் ரூம், கதவு பாதி திறந்திருந்தது, அதில் அம்மா நுழைந்தாள், அம்மாவின் முதுகு தெரிந்தது, அப்புறம் முதுகு சட்டென்று பாதியாகக் குறைந்தது. உட்கார்ந்துவிட்டாள். ஷெர்லின் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். வா வெளியே வா, எழுந்திரு, தமாஷுக்குச் சொன்னதும்மா, நான்தான் சொன்னேன், அவள் சொல்லவில்லை. ம்க்கும். இது நிஜ ம்க்கும். ஷெர்லின் எடுக்கிற ம்க்குமைவிட ஒரு பிடி சின்னதாக இருந்தது, இதை இத்தனை நாள் பெரிதாகவே எடுத்துவந்திருக்கிறாள்.

"என்ன அமலா இது? யாரு உன்னை உக்காரச் சொன்னது?"

நின்றுகொண்டிருந்த இரண்டு பெண்களும் திரும்பினார்கள். சேரில் இருந்த ஒரு தாத்தா, பஞ்சைக் கையில் அழுத்தியபடி, எட்டிப் பார்த்தார். ஷெர்லினின் வாய் அசைந்தது, அம்மா அடுத்து என்ன சொல்வாள் என்று தேடி, மன்னிச்சிடுங்க மேடம், தெரியாம மேடம், திங்கக்கிழமை மேடம், எல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன, எதுவும் உள்ளே இருந்து வரவில்லை. உள்ளேயிருந்து வந்த குரலை அவள் கேட்டதே இல்லை. அவசரமே இல்லாத குரல்.

"நீங்கதான் மேடம். நேத்து ஏழு மணிக்கு போன்ல."

நாற்காலி டைல்ஸில் கிரீச்சென்றது, பின்னால் இல்லை, மேசைப் பக்கமாக, இன்னும் கொஞ்சம் முன்னால்.

"காபிக்குச் சக்கரை கம்மியா சொல்லுங்க."